சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் ஆம்னி

கேள்வி: கார்புரேட்டர் வைத்த பழைய ஆம்னி சரக்கு வேன். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். ஓடிவந்து நிறுத்தி, கால் மணி நேரம் சரக்கு இறக்கிவிட்டு வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிப்பதில்லை. பெட்ரோல் வாடை அடிக்கிறது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும். பிளக்கும் பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பொறுங்கள். செல்ஃப் சுற்றுகிறது, வாடையும் வருகிறது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் கூடிப்போகிறது என்று அர்த்தம். ஓடும்போது புதிதாக வரும் பெட்ரோலே கார்புரேட்டரைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் அதுவும் இல்லை, ரேடியேட்டர் தண்ணீர் ஓட்டமும் இல்லை. ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டி) உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. அது நாசில் (பெட்ரோல் வெளிவரும் சிறு துளை) வழியாக, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வழிகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வண்டி நல்ல சூட்டில் இருக்கும்போது சாவியை எடுத்துவிட்டு, முன் சீட்டைத் தூக்கி, கார்புரேட்டர் மேல் வரும் ஏர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிறுத்திய உடனே பெட்ரோல் சொட்டினால் சேம்பருக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தும் நீடில் வால்வ் சரியாக அடைக்கவில்லை, அல்லது அதை மூடும் மிதவையான ஃப்ளோட்டின் மட்டம் அதிகம். ஐந்து பத்து நிமிடம் கழித்துச் சொட்ட ஆரம்பித்தால் சூடுதான் காரணம். சொட்டே இல்லை, ஆக்ஸிலேட்டர் லீவரைக் கையால் இழுத்தாலும் பீய்ச்சவில்லை என்றால் சேம்பர் காலி; அது வேறு கதை. பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடான ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

சூடு என்று தெரிந்தால் முதலில் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள, சூட்டை மேலே விடாத பேக்லைட் பேக்கிங்கைப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் பேக்கிங் போட்ட வண்டிகள் ஏராளம். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டியூப் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள். புதுப் பம்பு போட்டபோது பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் தடித்த பேக்கிங் விடுபட்டிருந்தால் பம்பு கூடுதலாக அழுத்தப்பட்டு பிரஷர் ஏறும், நீடில் தாங்காது. இதையும் விடாதீர்கள், ஏனென்றால் பம்பை இப்போதுதான் மாற்றியிருக்கிறீர்கள். நீடில் வால்வ் கிட் மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கார்புரேட்டர் மாற்றுவது கடைசி யோசனை. சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்ய காற்றைக் குறைக்கும் தகடு) ஒயர் இறுகி, தகடு முழுக்கத் திறக்காமல் இருந்தாலும் இதே தொல்லை வரும்.

வேலை முடியும்வரை ஸ்டார்ட் செய்ய: சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி செல்ஃப் அடியுங்கள். பம்ப் பண்ணக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும்.

கேள்வி: என் பெட்ரோல் ஜீப்பில் சூடானால் செல்ஃபே இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது. பேட்டரி புதிது.
– வாசகி, ஓசூர்

பதில்: கார்புரேட்டர் பக்கமே போகாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கழற்றி, பிடிக்கும் இடத்தில் பெயின்ட், துரு போகச் சுரண்டி முறுக்குங்கள். அது சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, அதில் தேயும் பாகங்களான புஷ், கார்பன் பிரஷ் பார்க்க வேண்டும்.