கையால் செய்யும் லூர்: கேள்விகளும் பதில்களும்

மரத்தில் மீன் லூர் (இரைபோல் நீந்தி மீனை ஈர்க்கும் செயற்கை இரை) செதுக்கி, வண்ணம் பூசி, அதைக் கொண்டே மீன் பிடிக்க விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு பதிலாகச் சேர்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து: எங்கும் பால்சா மரத்தையே சொல்கிறார்கள். எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. வேறு எந்த மரத்தில் தொடங்கலாம்?

பால்சா இல்லாதது பெரிய குறையன்று. அதன் சிறப்பு எடைக்குறைவுதான். ஒரு கன சென்டிமீட்டர் பால்சா ஏறத்தாழ 0.16 கிராம் இருக்கும். அதே அளவு தேக்கு 0.65 கிராம் வரும். மரம் எவ்வளவு இலகுவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வயிற்றில் எடை வைக்க இடம் கிடைக்கும். லூரின் அசைவும் துள்ளலாக இருக்கும். ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும் அளவுக்கு பால்சா மென்மையானது. கொடுவா, சீலா போன்ற மீன்கள் கடித்தால் அது தாங்காது.

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் மலைவேம்பு, குமிழ்த் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் தேக்கைவிட இலகுவானவை, கத்திக்கு இணங்குபவை. கொண்டபள்ளி பொம்மைகள் செய்யப்படும் பொனிகி மரம் இவற்றைவிடவும் இலகுவானது. ஆந்திரத்தில் நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். எந்த மரமானாலும் முடிச்சு இருக்கக் கூடாது, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கிய மரத்தின் மேல் எவ்வளவு நல்ல பூச்சு பூசினாலும் சில மாதங்களில் அது உப்பி உரிந்துவிடும்.

செதுக்கத் தொடங்குமுன் முதுகிலும் வயிற்றிலும் நடுக்கோடு ஒன்றைப் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி உப்புத்தாள் தேய்ப்பு வரை அந்தக் கோடு அழியாமல் இருக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாமல், அந்தக் கோட்டிலிருந்து அளந்து பார்ப்பதே சரியான வழி.

கடலூரிலிருந்து: பார்க்க அழகாக வந்துவிட்டது. ஆனால் தண்ணீரில் போட்டால் ஒருக்களித்துப் படுக்கிறது. வேகமாக இழுத்தால் சுழல்கிறது. என்ன செய்வது?

எடை வைக்குமுன்னரே வண்ணம் பூசிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பலர் இந்த வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். உடல் செதுக்கி முடிந்ததும் சீலரில் (மரத்துக்குள் நீர் புகாமல் அடைக்கும் பூச்சு) ஒருமுறை முக்கிக் காயவைத்து, மூக்கின் கீழ் நீண்டு நிற்கும் முன் தகட்டைத் தற்காலிகமாகச் செருகி, தூண்டில் முள்களையும் வளையங்களையும் மாட்டிவிடுங்கள். பின்னர் ஒரு வாளித் தண்ணீரில், சிறு ஈயக்குண்டுகளை ரப்பர் வளையத்தால் வயிற்றோடு கட்டி, ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். உடலை விரலால் ஒரு பக்கம் சாய்த்து விட்டால் அது தானாக உடனே நிமிர வேண்டும். அப்படி நிமிரும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே துளையிட்டு எடையை வையுங்கள்.

எடை இருக்க வேண்டிய இடம் உடலின் பாதி உயரத்துக்கு நன்கு கீழே, வயிற்றின் அடிப்பகுதி. நடுவிலிருந்து சற்று முன்னால் வைத்தால் ஆட்டம் நன்றாக இருக்கும். வால்பக்கம் கொண்டுபோனால் வீச்சுத் தூரம் கூடும், ஆட்டம் குறையும். அளவுக்கு மேல் வைத்தால் லூர் நிலையாக நிற்கும், ஆனால் உயிரற்ற கட்டையாக வரும். கடைசியில் பூசும் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் பிசின்) பூச்சும் எடை சேர்க்கும் என்பதால் வாளிச் சோதனையில் தேவைப்பட்டதைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டும்.

அதே நண்பர்: முன் தகட்டை எந்தப் பொருளில், எந்தக் கோணத்தில் வைப்பது?

பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) தகடு, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். அக்ரிலிக் வேண்டாம், பாறையில் பட்டால் உடையும். சிறிய லூர்களுக்குப் பழைய குறுந்தகடுகளை வெட்டிப் பயன்படுத்தலாம், அவையும் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்தான். உடலின் நீளவாட்டத்தோடு ஏறக்குறைய நேராக நீண்டிருக்கும் பெரிய தகடு லூரை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும். செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கும் சிறிய தகடு மேல்மட்டத்திலேயே வைத்துக்கொண்டு அகலமாக ஆட்டும். தகட்டுக்கான வெட்டை உடல் சதுரக் கட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். செதுக்கிய பிறகு அதை நேராக வெட்டுவது கடினம்.

நாகர்கோவிலிலிருந்து: இழுக்கும்போது லூர் எப்போதும் இடப்பக்கமே ஓடுகிறது.

நரம்பு (தூண்டில் இழை) கட்டும் கண்ணியை மூக்குக் குறட்டால், அது ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மயிரிழை அளவு வளையுங்கள். ஒரு வளைப்பு, ஒரு இழுப்பு என்று மாறி மாறிச் செய்யுங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் தகடு சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

சென்னையிலிருந்து: வண்ணம் பூசும் வரிசையை விரிவாகச் சொல்லுங்கள். செதில் வடிவம் எப்படி வருகிறது? மீன் பிடிபட எந்த நிறம் நல்லது?

சீலர் காய்ந்ததும் 320 உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளை பிரைமரை (அடிப்பூச்சு) இரண்டு மெல்லிய கோட்டாக அடியுங்கள். கருமையான மரத்தின் மேல் நேராகப் பூசும் நிறம் மங்கிவிடும். வெள்ளையின் மேல்தான் ஒளிரும். பிறகு வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும்: வயிறு வெண்முத்து அல்லது வெள்ளி, பக்கவாட்டில் இடைநிறம், முதுகு கரும்பச்சை அல்லது கருநீலம். உண்மையான மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதை நீங்கள் சந்தையிலேயே பார்க்கலாம். மத்தி ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டு பூசுங்கள். படத்தைப் பார்த்துப் பூசுவதைவிட அது பலமடங்கு கற்றுத்தரும்.

செதிலுக்குக் கொசுவலைத் துண்டு போதும். அதை உடலின் மேல் இறுக்கமாக இழுத்து, முதுகுப் பக்கம் துணிக் கிளிப்புகளால் பிடித்துக்கொள்ளுங்கள். சுருக்கம் விழுந்த இடத்தில் செதில் கலைந்துவிடும். ஏர் பிரஷ்ஷை (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பக்கவாட்டில் மட்டும் அடர் நிறத்தை உலர்ந்த தூசிபோல் தூவுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து வலையைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர்மேலாக உரித்தால், நூல் மறைத்த இடங்கள் வெளிர்க் கோடுகளாகவும் வலையின் கண்கள் நிறச் செதில்களாகவும் பதிந்திருக்கும். ஏர் பிரஷ் இல்லாதவர்கள் ஸ்ப்ரே டப்பாவிலும் இதைச் செய்யலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அசைவு முதலில், நிறம் அதற்குப் பின்னால். 1936இல் பின்லாந்தில் லாரி ரபாலா தம் முதல் லூரைத் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். அதில் வண்ண வேலைப்பாடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சிறு மீன் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் ஒன்றைத் தேடிப் பெரிய மீன் பாய்வதைக் கவனித்து, அந்தத் தடுமாற்றத்தை மரக்கட்டையில் கொண்டுவந்ததே அவருடைய வெற்றி.

அதற்காக நிறத்தை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிடுவதால், சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு சாம்பலாகத் தெரியும். தெளிந்த கடல்நீரில் வெள்ளியும் நீலமும் போதும். கலங்கிய முகத்துவாரத்தில் எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு போன்ற எடுப்பான நிறங்கள் தேவை. இரவில் கறுப்பையே விரும்புகிறேன். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் அதன் வடிவம் தெளிவாகத் தெரியும்.

திருச்சியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்: மழைக்காலத்தில் எபாக்ஸி பூச்சு பிசுபிசுப்பாகவே நிற்கிறது. குமிழியும் வருகிறது.

பிசுபிசுப்புக்குப் பெரும்பாலும் காரணம் அளவுப் பிழை அல்லது கலக்கல் குறை. குறிப்பில் கன அளவு என்று இருந்தால் கன அளவாகவும், எடை என்று இருந்தால் எடையாகவும் எடுக்க வேண்டும்; இரண்டும் ஒன்றல்ல. கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்று ஏறும். கலந்ததை உடனே தட்டையான அலுமினியத் தாளில் ஊற்றிவிட்டால் சூடு தேங்காமல் கூடுதல் நேரம் கிடைக்கும். மிஞ்சிய குமிழிகள் ஹேர் டிரையரின் சூடு பட்டால் உடைந்துவிடும்.

மழைக்காலச் சிக்கல் வேறு. காற்றின் ஈரம் அதிகமானால் மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீர் தொட்ட நாரால் கழுவி, காயவைத்து, லேசாகத் தேய்த்துவிட்டு மறு கோட் பூசுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸியை மேற்பூச்சுக்கு எடுக்காதீர்கள். பரப்புவதற்குள் இறுகிவிடும், விரைவில் மஞ்சளாகும்.

பூசியபின் எபாக்ஸி கட்டியாகும் வரை லூர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் வழிந்து திரளும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுத்தான் சுற்றும் என்பதால் இதற்கு மிகப் பொருத்தம். அடுப்பைத் திறப்பது ஆபத்து. உள்ளே உயர் மின்னழுத்த மின்தேக்கி இருப்பதால் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். சில மோட்டார்கள் 21 வோல்ட், சில 230 வோல்ட். மேலே அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் இணைக்கக் கூடாது.

இராமநாதபுரத்திலிருந்து: ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி ஊற்றலாமா?

வேண்டாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துச் சிதறும். சமையலறையில் படியும் ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கடையில் கிடைக்கும் ஈயக்குண்டையே துளையில் வைத்து எபாக்ஸியால் மூடுங்கள், கையைக் கழுவுங்கள். அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கி இறந்ததால் பிரிட்டனில் 1987இலேயே சிறிய ஈய எடைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. எஃகு பேரிங் குண்டுகள் நல்ல மாற்று, ஆனால் ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: விராலுக்குத் தவளை லூர் செய்ய என்ன கவனிக்க வேண்டும்?

தாமரையும் பாசியும் படர்ந்த குளத்தில் அது சிக்காமல் வர வேண்டும். ஆகவே தகடு வேண்டாம். இரட்டை முள்ளின் முனைகள் மேல்நோக்கி, முதுகோடு ஒட்டி இருக்கட்டும். எடையைப் பின்பக்கம் வைத்தால் மூக்கு தூக்கி மிதக்கும். உடலின் ஊடாக ஒரே எஃகுக் கம்பியைச் செலுத்தி, முன்முனையில் நரம்பும் பின்முனையில் முள்ளும் மாட்டுங்கள். மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். கொடுவா லூருக்கும் இதையே வற்புறுத்துவேன்.

ஒரு வேண்டுகோள். நீர்மட்டத்தில் செந்நிற விரால் குஞ்சுக் கூட்டம் குமிழியிட்டுக்கொண்டு நகர்வதைக் கண்டால் அங்கே வீசாதீர்கள். தாயும் தந்தையும் காவல் நிற்பதால் லூரை உடனே தாக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து: ஏரியில் அந்தரத்தில் நின்ற லூர் கடலில் மிதந்து எழுகிறதே?

கடல்நீர் அடர்த்தி கூடியது; நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு. இருபது கிராம் லூருக்குக் கடலில் அரை கிராம் கூடுதல் எடை தேவைப்படும். முள்ளை ஒரு அளவு பெரிதாக்கினாலே போதும்.

கோவையிலிருந்து: பெட்டியில் வைத்திருந்த லூரின் வண்ணம் இளகி ஒட்டிக்கொண்டது. பூச்சு சரியில்லையா?

பக்கத்தில் மென்பிளாஸ்டிக் புழு லூர்கள் இருந்தனவா என்று பாருங்கள். அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் பல வண்ணங்களையும் சில பெட்டிகளையுமே இளக்கிவிடும். இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள். இளகிய லூரைச் சுரண்டி, பிரைமரிலிருந்து மீண்டும் பூசுங்கள்.