தடுப்புப் போட்டும் விளையாடுகிறார்களே!

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். கணினி அறையில் தேவையற்ற தளங்களைத் தடுக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். தடையை இன்னும் கடுமையாக்கலாமா? எல்லாத் திரைகளையும் என் மேசையிலிருந்தே பார்க்கும் மென்பொருளும் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: இருபது ஆண்டுகள் கணினி அறையைக் கட்டி மேய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அதே விளையாட்டு நேற்று முளைத்த வேறொரு முகவரியில் இருந்தால் விட்டுவிடும். ஒருவன் பையில் கைப்பேசியை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டாலோ, பள்ளியின் தடை அவனைத் தொடவே தொடாது.

கடுமையாக்கினால் அடிபடுவது படிக்கிற பிள்ளைதான். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் ஒளிந்திருந்ததுதான் குற்றம்! என் அறையிலும் மார்பகப் புற்றுநோய் பற்றிக் கட்டுரை எழுத வந்த மாணவிக்குத் தடை அறிவிப்புதான் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரன் நிம்மதியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அரட்டைக்குத் தனித் தளம் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஒருமுறை நால்வர் ஒரே கூகுள் ஆவணத்தில் மும்முரமாகத் தட்டச்சு செய்ததைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பிறகு மாற்ற வரலாற்றைத் திறந்தால், முழுப் பாடவேளையும் கேலிப் பேச்சு. மணி அடிக்கும் முன் அழித்திருக்கிறார்கள். கேலிக்கு ஆளானவன் ஐந்தாவது ஒருவன் என்பதால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

கணினிகளைச் சுவரோரமாகப் போட்டு, பிள்ளைகளைச் சுவர் பார்த்து உட்காரவையுங்கள். நடுவில் நின்றாலே எல்லாத் திரைகளும் தெரியும், செலவும் இல்லை. ‘காடுகளைப் பற்றித் தேடுங்கள்’ என்று அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு பக்கங்களை நீங்களே கொடுத்து, ‘இவற்றில் எதை நம்பலாம், ஏன்? பன்னிரண்டு நிமிடம்’ என்று கேளுங்கள். கார் ஓட்ட நேரம் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முகம் தெரியாத ஒருவன் புகைப்படம் கேட்டு நச்சரித்ததை ஒரு மாணவி மூன்று வாரம் மறைத்தாள். சொன்னால் கணினி அறைக்குள் விடமாட்டேன் என்று என்னைப் பற்றியே பயந்திருக்கிறாள். அப்படி யாராவது வந்தால் முதலில் திட்டாதீர்கள். செய்தியை அழிக்காமல், பதிலும் அனுப்பாமல், அன்றைக்கே தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவியுங்கள்.

திரை பார்க்கும் மென்பொருளை வாங்குவதானால், எதைப் பார்ப்பீர்கள், எப்போது பார்ப்பீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வையுங்கள். நான் சொல்லாமல் வைத்தேன். அது தெரிந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் ஒருவரும் என்னிடம் சந்தேகம்கூடக் கேட்கவில்லை.