ஆந்தை, நத்து, கூகை, பக்கி எல்லாம் ஒண்டுதானோ?

யாழ்ப்பாணத்தில ராவில கத்திறது எல்லாத்தையும் ஆந்தை எண்டே சொல்லலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். எங்கட அம்மம்மாவைக் கேட்டா எல்லாம் சாக்குருவி, கத்தின உடன வெளி லைட்டைப் போட்டுச் சூ எண்டு கலைச்சுப்போட்டுத்தான் படுப்பா.

ஆனா ஒண்டில்லை. ஆந்தை வரிசைக்குள்ள ரெண்டு குடும்பம். முகம் இதயம் மாதிரி இருக்கிறது டைட்டோனிடே, புத்தகங்களில கூகை எண்டு போடுறது அதிலதான் வரும். மிச்சம் எல்லாம் வட்ட முகக்காரர், ஸ்ட்ரிஜிடே. 1758இல, உயிரினங்களுக்கு லத்தீன் பேர் வைச்ச லின்னேயஸ் இந்தப் பிரிவினை ஒண்டும் பாக்காம எல்லா ஆந்தையையும் ஸ்ட்ரிக்ஸ் எண்ட ஒரே பேருக்க தள்ளிவிட்டார், டைட்டோ எண்டு தனிப்பேர் வந்தது 1828இலதான்.

எனக்குப் பிடிச்ச கதை நத்தின்ர. மாமரத்தில இருந்து வொக்... வொக் எண்டு விட்டு விட்டுக் கூப்பிடுமே, காதுமாதிரி ரெண்டு இறகுக் கொம்போட சின்னனா, அதுக்கு 1769இல பென்னன்ட் எண்டவர் வைச்ச பேர் ஓட்டஸ் பக்கமூனா. அந்தப் பக்கமூனா லத்தீனே இல்லை, சிங்களத்தில ஆந்தைக்குச் சொல்லுற பகமூணாதான்! ஒல்லாந்தர் காலத்தில இஞ்ச ஆளுநரா இருந்த லோட்டன் கீறுவிச்ச படங்களை வைச்சுத்தான் பென்னன்ட் இந்தப் பேர் வந்த புத்தகத்தைச் செய்தவர். பேரை யாழ்ப்பாணத்தில விசாரிச்சிருந்தா ஓட்டஸ் நத்து எண்டு வந்திருக்கும், தவறிப்போச்சு.

அதே ஓட்டஸ் பேரினத்தில புதுசா ஒண்டும் இருக்கு, தெற்கு மழைக்காட்டில. தீபால் வரகாகொட எண்ட பறவை ஆராய்ச்சியாளர் 1995இல சத்தத்தை மட்டும் கேட்டு, 2001இல கண்ணால கண்டு, 2004இலதான் பேர் வைச்சது. அது தீலோ ஹொஃப்மன் எண்ட சுவிஸ்காரர், இஞ்ச காடு காக்கப் பாடுபட்டவர், அவற்ற பேரில.

பக்கி ஆந்தையே இல்லை. ராவில ரோட்டில குந்தியிருக்கும், மோட்டச்சைக்கிள் லைட் பட்டாக் கண் சிவப்பாத் தெரியும், பந்து துள்ளித் துள்ளி அடங்கிற மாதிரிச் சத்தம். லத்தீன் பேர் கப்ரிமுல்கஸ், அதாவது ஆட்டில பால் கறக்கிறது, ராவில வந்து ஆட்டுப்பால் குடிக்குமெண்டு ஐரோப்பாவில நம்பினவை, உண்மையில தின்னுறது பூச்சிதான். 1990இல சிப்லி, அல்கிஸ்ட் எண்ட ரெண்டு பறவை ஆராய்ச்சியாளர் இதையும் ஆந்தை வரிசைக்க சேர்த்தவை, பிறகு வந்த டிஎன்ஏ ஆராய்ச்சியள் பிரிச்சு, உழவாரன் குருவிக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டிட்டுது. அம்மம்மா விட்ட அதே பிழைதான், சிப்லியும் அல்கிஸ்டும் மட்டும் ஆய்வுகூடத்தில இருந்து விட்டிருக்கினம்.