மிதக்கும் வீடு, முடிக்காத ஃபிளாட்: டச்சுக் கட்டடங்கள் பற்றிச் சில கேள்விகள்

ஆம்ஸ்டர்டாமில் தண்ணீர் மேல் நிற்பவை படகா, வீடா? ஆடாதா சார்?

வீடேதான். ஐபர்க் பகுதியில் மார்லிஸ் ரோமர் வடிவமைத்த குடியிருப்பைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஒரு கான்கிரீட் தொட்டி, அதில் பாதி தண்ணீருக்குள் இருக்கும். படுக்கையறை அந்தத் தொட்டிக்குள்தான். ஜன்னலுக்கு வெளியே ஏரி கண் மட்டத்தில் தெரியும். ஏரியடியில் ஊன்றிய இரண்டு இரும்புத் தூண்கள் வீட்டைப் பிடித்திருக்கின்றன. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கலாம், நகர்ந்து போக முடியாது. குழாய்களும் அதற்கேற்ப வளைந்து கொடுப்பவை.

ஆட்டத்தைவிடச் சாய்வுதான் பெரிய கவலை. கனமான பீரோவையோ பியானோவையோ ஒரு பக்கமாக வைத்தால் வீடே அந்தப் பக்கம் தாழும். எதிர்ப்பக்கம் ஈடு கட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இவற்றைப் பட்டறையில் கட்டி, கால்வாய் வழியே இழுத்து வந்தார்கள். வழியில் இருந்த மதகுகளின் அகலத்துக்குள் வீடு அடங்க வேண்டியிருந்தது!

வெள்ளம் வந்தால் மட்டும் மிதக்கும் வீடு உண்டாமே?

உண்டு. மாஸ் ஆற்றங்கரையில் மாஸ்பொம்மெல் என்ற ஊரில், 2005-இல் கட்டியது. மற்ற நாளில் தரையில் உட்கார்ந்திருக்கும். ஆறு பெருகினால் 5.5 மீட்டர் வரை எழும்பும்.

கிளைபர்க்கில் ஃபிளாட்டைப் பாதியில் விட்டு விற்றார்களே, அது ஏமாற்று இல்லையா?

இல்லவே இல்லை. ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதியில் 400 மீட்டர் நீளம், சுமார் 500 வீடுகள் கொண்ட கட்டடம் அது. இடிக்கவிருந்ததை ஒரு கூட்டமைப்பு ஒரே ஒரு யூரோவுக்கு வாங்கியது. லிஃப்ட், நடைவழி, வெளிமுகம் எல்லாவற்றையும் சரிசெய்து, உள்ளே சமையலறையோ குளியலறையோ இல்லாமல் வெறும் கூடாக விற்றார்கள். விலை குறைவு, மீதியை வாங்கியவரே தன் வசதிக்கு ஏற்பச் செய்துகொண்டார். தரைத்தளத்தை அடைத்திருந்த சாமான் அறைகளை மேலே லிஃப்ட் பக்கம் மாற்றி, கீழே வீடுகளை வைத்தார்கள். இருண்டு கிடந்த தரைத்தளத்தில் மனித நடமாட்டம் வந்தது. 2017-இல் ஐரோப்பாவின் பெரிய கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டிய பல கோபுரங்களைவிட இதுதான் பெரிய சாதனை.

முதியோருக்கான தொங்கும் வீடுகள் எதற்கு, அழகுக்கா?

அழகுக்காகத் தொடங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஓஸ்டோர்ப் பகுதியில் முதியோருக்கு 100 வீடுகள் கேட்டார்கள். சுற்றியுள்ளவர்களுக்கு வெளிச்சம் மறையக் கூடாது என்ற விதிப்படி 87தான் அடங்கின. மிச்சம் 13-ஐயும் எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் வடக்குச் சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிவிட்டது. 1997-இல் முடிந்தது.

ஒரு பொதுக் கட்டடம் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எங்கே போகட்டும்?

டில்பர்க். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லோக்ஹால். 1932-இல் கட்டிய ரயில் எஞ்சின் பட்டறை, இப்போது நூலகம். 2019-இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது பெற்றது. கூரையிலிருந்து தொங்கும் பிரம்மாண்டமான திரைகளை இழுத்தால் கூடத்துக்குள் தனி அறை உருவாகிவிடும். அவ்வளவு பெரிய கூடம் முழுவதையும் சூடாக்குவதில்லை, ஆட்கள் உட்காரும் இடங்களை மட்டும்தான். அப்புறம், மறக்காமல் தரையைப் பாருங்கள். பழைய தண்டவாளம் அப்படியே இருக்கிறது. சக்கரம் வைத்த பெரிய மேஜைகள் அதன்மேல் உருண்டு வரும். படிக்க வந்தவர்களுக்கு மேஜை, கூட்டம் நடந்தால் அதுவே மேடை.