தூத்துக்குடியில் தனிநபர் மருத்துவக் காப்பீடு: எதை எடுப்பது, அரசு உதவி கிடைக்குமா?

கடையில் வேலை, வயது 34, முதலாளி தரும் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலில் ரேஷன் கார்டை எடுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் இது.

வருமானம் அதற்கு மேல் என்றால் தனியார் பாலிசிதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, கட்டும் பிரீமியத்துக்கு வரிக் கழிவும் உண்டு.

பிரீமியம் குறைவு என்று மயங்காதீர்கள், அறை வாடகை வரம்பை, அதாவது ஆஸ்பத்திரி அறைக்கு ஒரு நாளைக்குப் பாலிசி அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதைப் பாருங்கள். வரம்பு 5,000 ரூபாயாக இருக்க, 8,000 ரூபாய் அறையில் படுத்தால் 3,000 மட்டும் போகாது. டாக்டர் கட்டணம், அறுவைசிகிச்சைக் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டுப்படலாம்; அப்படி வெட்டினால் 1,60,000 ரூபாய் கட்டணத்துக்கு 1,00,000தான் வரும். ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

அப்புறம், சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். பாலிசி எடுத்த பிறகு அந்த நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியது அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான்.