பில்டர் குடையின் காம்பு கழன்றால்?

கேள்வி: பல ஆண்டுகளாகப் புழங்கும் எங்கள் எவர்சில்வர் காப்பி பில்டரில், பொடியின் மேல் வைக்கும் குடையின் காம்பு கழன்று, நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. டிகாக்‌ஷனும் முன்போல இறங்குவதில்லை. மேல் பாத்திரத்தை அடுப்பில் சுட்டால் சரியாகும் என்கிறார்கள். குடை இல்லாமலே போடலாமா, புது பில்டர்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: புது பில்டர் வேண்டாம், ஆனால் குடை வேண்டும். பொடியை அழுத்துவதற்காகவே அது இருக்கிறது என்று பலரும் எண்ணி, காம்பைப் பிடித்துத் திருகி அமுக்குகிறார்கள். அப்படி இறுகிய பொடியில், அதிலும் சிக்கரி கூடுதலாகக் கலந்த நைசான பொடியில், வெந்நீர் மேலேயே நின்றுவிடும். குடையின் உண்மையான வேலை, கொதிநீர் ஓரிடத்தில் விழுந்து பொடியைக் குழி பறிக்காமல், பரவலாக இறங்கச் செய்வதுதான். உங்கள் குடையின் நடு ஓட்டை வழியே நீர் நேரே பாய்ந்து, சுற்றியுள்ள பொடி சாரம் இறங்காமலே கிடக்கும் என்பதால், அதை அப்படியே பயன்படுத்துவதும் சரியன்று.

காம்பை ஈயப்பற்று வைத்து ஒட்டித் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அந்தப் பற்றில் காரீயம் கலந்திருக்கக்கூடும். ரிவிட் அடிக்கவோ ஆர்கான் வெல்டிங் வைக்கவோ சொல்லுங்கள். மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பாத்திரக்கடைகளில் தனிக் குடை கேட்டுப் பார்க்கலாம், ஆனால் மேல் பாத்திரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குடை சுவரை உரசாமல் இறங்க வேண்டும். சிக்கென்று பொருந்தினால், பொடி ஊறி உப்பியபின் வெளியே எடுப்பது பெரும்பாடு.

டிகாக்‌ஷன் இறங்காததற்கு அடைப்புதான் காரணமா என்று முதலில் பாருங்கள். மேல் பாத்திரத்தைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், அடைபட்ட துளைகள் கறுப்பாகத் தெரியும். காப்பியின் எண்ணெய்ப் பிசுக்கும், போர் தண்ணீரின் உப்புப் படிவும் சேர்ந்தே துளையை மூடுகின்றன. ஆகவே சோடா மாவு கரைத்த வெந்நீரில் ஊறவைத்துப் பிசுக்கை நீக்கி, நன்றாக அலசியபின், எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கரையுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, கப்பி டிகாக்‌ஷனோடு இறங்கும்.

அடுப்பில் சுடுவது பழைய வழக்கம். எவர்சில்வரில் அடைப்பு கருகி உதிரும் என்பது உண்மை, பாத்திரம் நீலம் பாரித்துப்போவதும் உண்மை. ஈயம் பூசிய பித்தளை பில்டரை மட்டும் தீயில் காட்டவே கூடாது. பூச்சிலுள்ள வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

துளைகள் சுத்தமாக இருந்தும் சொட்டவில்லை என்றால், மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வையுங்கள். இரண்டும் இறுகப் பொருந்தியிருக்கும்போது கீழ்ப் பாத்திரத்துக் காற்று வெளியேற வழியின்றி டிகாக்‌ஷனைத் தடுப்பதுண்டு. காற்று விலகியதுமே சொட்டத் தொடங்கும்.