குட்டிப் பாக்கெட்டும் தேங்காய்ப்பாலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் குறிப்புகளை இரண்டு வருடமாக விடாமல் படிக்கிறேன். விளம்பர நிறுவனத்தில் பிளானர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் எழுதுவதெல்லாம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் எந்தக் கடை முன்னால் கூட்டம் நின்றது, முடிதிருத்தும் கடையில் காத்திருந்த அங்கிள் என்ன பேசினார் என்பதுதான். இதற்கா சம்பளம் தருகிறார்கள்? கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

இன்னொன்று. போன தீபாவளிக்கு டிவியில் ஒரு விளம்பரம். பால்மரக் காடு (ரப்பர் தோட்டம்), விடியற்காலைப் பனி, பால் எடுக்க மரப்பட்டையை வெட்டும் ஒரு பாட்டி, பின்னணியில் புல்லாங்குழல். என் அம்மா இருபத்தாறு வருடம் மரம் வெட்டியவர். பார்த்தால் கண் கலங்குவார் என்று நினைத்தேன். ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் ஆட்கள்தானே இதையெல்லாம் எடுக்கிறார்கள்?

ஒரு வாசகர், கூலிம், மலேசியா

---

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நான் வீடு கட்டுவதற்குப் பிளான் வரைகிறேன் என்றுதான் என் அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில், குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டப் பிளான் போட்டுத் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மாவின் சிபாரிசு.

இந்த வேலை லண்டனில் 1968-இல் பிறந்தது. ஜே. வால்டர் தாம்சன் நிறுவனத்தில் ஸ்டீபன் கிங், போஸ் மாசிமி பொலிட் நிறுவனத்தில் ஸ்டான்லி பொலிட், இந்த இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியது. அதுவரை விளம்பரக் கூட்டங்களில் காசு போடும் கம்பெனிக்காகப் பேச ஆள் உண்டு, எழுதுகிறவர் வரைகிறவருக்காகப் பேசவும் ஆள் உண்டு. கடையில் நின்று அந்தப் பொருளை வாங்கப் போகிறவளுக்காகப் பேசத்தான் ஆள் இல்லை. அந்த ஆள்தான் பிளானர். அவள் ஏன் இதை எடுக்கிறாள், ஏன் அதை வைத்துவிட்டுப் போகிறாள் என்று கண்டுபிடித்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்குப் பிரீஃப் என்று பெயர். பாசார் மாலாமில் நான் வேடிக்கை பார்ப்பது அதற்காகத்தான். கொஞ்சம் புட்டுக்காகவும்தான்.

ஒரு கதை சொன்னால் விளங்கும். 2001 வாக்கில் ஒரு சோப்புத்தூள் கம்பெனிக்கு வேலை செய்தேன். பேராக்கில் தோட்டங்களைச் சுற்றியுள்ள கடைகளில் குட்டிப் பாக்கெட்தான் ஓடுகிறது, பெரிய பாக்கெட் தூசி படிந்து கிடக்கிறது. ஏழைகள், கையில் காசு இல்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். நானும் தலையாட்டினேன். ஈப்போவில் ஒரு ஹோட்டல் அறையில் பத்துப் பெண்களை உட்கார வைத்துக் கேட்டோம். ஏர்கோன், மீ கோரேங், கையில் ஆளுக்கு ஒரு கவர். விலைதான் காரணம் என்று பத்துப் பேரும் சொன்னார்கள். கவர் வாங்கியவர்கள் நமக்குப் பிடித்த பதிலைத்தானே சொல்வார்கள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும், 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே அப்படித்தான். காசு இல்லாததுதான் காரணம் என்றால் எட்டு, ஒன்பதாம் தேதிகளிலாவது பெரிய பாக்கெட் நகர்ந்திருக்க வேண்டுமே? நகரவில்லை. அன்று இரவு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"எட்டு வீட்டு லயம்டி. பெரிய பாக்கெட்ட குசினியில வெச்சா யாருக்கு இல்லேன்னு சொல்றது? குட்டிப் பாக்கெட்டுன்னா தீந்துபோச்சுன்னு சொல்லிரலாம், பொய்யும் இல்ல."

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். ஹோட்டல் அறையில் ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்து வீட்டுக்காரி.

நான் இதை பிரீஃபில் எழுதினேன். கம்பெனியில் சிரித்தார்கள், விலையைக் குறைத்து ஒரு விளம்பரம் போட்டார்கள். பெரிய பாக்கெட் தூசியிலேயே கிடந்தது. விடுங்கள்.

அம்மாவின் 555 புத்தகம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று அஞ்சு போட்டிருக்கும், கடைக்காரர் கடன் எழுதுவது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பென்சிலில் எழுதிய ஒரு பக்கம் இப்படிப் போகிறது: மாவு 2, தேங்கா 1, சாடின் 1, சோப்பு குட்டி 1, கோடாலி 1. மாதா மாதம் கோடாலி வருகிறது. தெரியாதவர் பார்த்தால் காட்டையே வெட்டிய குடும்பம் என்று நினைப்பார். கோடாலித் தைலம்தான், 1928 முதல் சிங்கப்பூரிலிருந்து வருகிறதே, அது. அம்மாவுக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. ஆனால் கடைக்காரர் வேறு தைலத்தைக் கொடுத்துவிட்டால் படத்தைப் பார்த்துவிட்டு, அதே நடையில் என்னைத் திருப்பி அனுப்புவார். வெயிலில் முக்கால் மைல். மார்க், அதாவது பிராண்ட், என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த முக்கால் மைலில்தான், பிறகு கோலாலம்பூரில் எத்தனையோ பேர் ஸ்லைட் போட்டு விளக்கினார்கள்.

இப்போது சம்பளம் பேங்கில் விழுகிறது, கடையில் கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கடைத்தெருவில் ஒரே ஒரு அண்ணன் மட்டும் மூன்று பாட்டிகளுக்காக 555 வைத்திருக்கிறார். கணக்கைவிட, பாட்டிகள் வந்து உட்கார்ந்து பேசுவதற்கு அது ஒரு சாக்கு என்கிறார். அவரிடம் உட்கார்ந்து நானும் பேசுவேன். அதற்கும் சம்பளத்தில் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வரத் தயக்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அப்படிப்பட்ட விளம்பரம் ஒன்றில் என் கையும் இருக்கிறது.

இந்த நாட்டில் பண்டிகை விளம்பரம் என்றாலே இயக்குநர் யாஸ்மின் அகமட் ஞாபகம் வரும். பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு அவர் எடுத்தவை பார்க்கிறவர் மனசில் நின்றன. 2009-இல் அவர் போன பிறகும் எல்லா நிறுவனங்களுக்கும் அந்த ஆசை விடவில்லை. 'அது மாதிரி ஒன்று வேண்டும்' என்பார்கள். அவரிடம் சிரிப்பும் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அழ வைத்தால் போதும். தமிழர் பண்டிகைக்கு அழ வைக்க வேண்டுமென்றால் தோட்டம், பாட்டி, பால்மரம். நான்தான் அந்தப் பிரீஃபை எழுதினேன். வாங்கப் போகிறவர் யார் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு நான் கேட்கவில்லை.

படப்பிடிப்புக்கு ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கினோம். மரம் வெட்டுவது இருட்டில், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். இருட்டில் படம் எடுத்தால் பனி தெரியாது என்றார் டைரக்டர். ஏழரை மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது ஆரம்பித்தோம். முந்தின இரவு மழை. பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது, பால் வெட்டுக் கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகப் போகும். ஆகவே அன்று வெட்டு இல்லை, பால் பிடிக்கும் மங்குகள் காலி. காமிராவுக்கு வெள்ளையாக ஏதாவது வேண்டுமே. பையன் ஒருவன் ஓடிப்போய்ப் பெட்டித் தேங்காய்ப்பால் வாங்கி வந்து மங்கு மங்காக ஊற்றினான்.

வேலை இல்லாததால் சிலர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் இந்தோனேசியர், பங்களாதேஷிகள். நடுவே ஒரு தமிழம்மா, அறுபது இருக்கும். மரத்தடிக்கு வந்து குனிந்து மங்கை முகர்ந்து பார்த்தார்.

"தேங்காப்பாலா? கறி வைக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "இன்னிக்கி பேரு இல்ல எங்களுக்கு. நீங்க மட்டும் வேல செய்றீங்க?" பேரு என்றால் அன்றைய வேலைக்குப் பெயர் போடுவது. கோபமாகக் கேட்கவில்லை, விசாரித்தார். நடிகைக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டு தடவை பிடித்துக் காட்டினார். டைரக்டர், அந்தக் கை ரொம்பக் கறுப்பாக, நகமெல்லாம் கறையாக இருக்கிறது, குளோசப்புக்கு ஆகாது என்றார்.

உங்கள் அம்மா ஏன் சேனலை மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. என் அம்மா மாற்றவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, "மழக் காலத்துல எடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பட்டையின் நிறத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தோட்டத்து ஜனங்களிடம் வேறு மாதிரிப் பேசியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் லய வீடும் ஒரே நாளில் போயின. அப்போதுதான் அந்த ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று கேட்டார். நாள் கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி என்றால் சாதாரணமா? கொடுத்தார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கவும் செய்தது. அரசியலை விடுங்கள், என் தொழில் கண்ணோடு மட்டும் பார்க்கிறேன்: புல்லாங்குழல் இல்லை, பனி இல்லை. எதிரே நிற்பவரிடம் பணம் இருக்கிறது, அவருக்கு முடிவெடுக்கத் தெரியும் என்று நம்பிப் பேசியிருக்கிறார். நாங்கள் அந்தப் பாட்டியைக் காட்டியது வேறு யாரோ அழுவதற்கு. அவரிடம் விற்க எங்களிடம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு தீபாவளி வேலை வருகிறது. ரயிலேறி கோலாலம்பூர் போய் உட்கார வேண்டும். அதற்கு முன் ஓர் உதவி. சேனலை ஏன் மாற்றினார் என்று அம்மாவை மறுபடி கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். சம்பளத்தன்று கடையில் முதலில் என்ன வாங்குவார் என்று கேட்டு எழுதுங்கள். அரிசி, மாவு என்று ஆரம்பிப்பார், அது கணக்கில் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு டின் லைச்சி. ஆறு பேர், டின்னில் பதினேழோ பதினெட்டோ இருக்கும். அம்மா எண்ணித்தான் பிரிப்பார். தண்ணி மட்டும் அவருக்கு.

அன்புடன்,
அக்கா